இடிக்கு வைத்த இரும்பு

மயில்சாமி போனை வைத்துப் பத்து நிமிஷம் இருக்கும். வசந்தாமணி இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே குஞ்சு பொரிக்க வைத்த தெர்மாகோல் பெட்டியின் கண்ணாடிச் சதுரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பல்பு வெளிச்சத்தில் ஏழு முட்டை, பேண்டம் கோழி முட்டை, நாட்டுக்கோழி முட்டையில் பாதிதான் இருக்கும், இன்றைக்கு இருபத்தொன்றாம் நாள், ஆறு முட்டையில் சத்தமே இல்லை, ஒன்றில் மட்டும் நேற்று சாயங்காலம் மிளகளவு ஓட்டை விழுந்தது, விழுந்ததோடு சரி, அதற்கப்புறம் அது வளரவேயில்லை. ஓட்டைக்குள் ஒரு அலகு நுனி வருவதும் போவதுமாக இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா என்றால் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருக்கிற கட்டிலைப் பார்க்காமல் இருந்தாள், அதுதான் அவள் செய்துகொண்டிருந்த வேலை. கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார் அவள் புருஷன் நாச்சிமுத்து. பக்கவாதம் வந்து பதினாலு மாசம், வலது கை கால் இல்லை, பேச்சு இல்லை, புத்தியும் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள், நம்புவது சௌகரியமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது, இந்தச் சனியன் பிடித்த நினைப்பு இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்கு எதற்கு வரவேண்டும். மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்கு அலாரம் அடிக்கும். புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டிய உடம்பு, பத்து மணிக்குச் சுவர்ப்பக்கம், பன்னிரண்டு மணிக்கு இந்தப்பக்கம். பன்னிரண்டுக்கு அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பியாக வேண்டும், திருப்பினால் அந்தக் கண்ணைப் பார்த்தாக வேண்டும், பார்த்தால் தெரிந்துவிடும், இத்தனை நாளும் இவருக்கு எல்லாம் புரிந்ததா இல்லையா என்பது. நாற்பது நிமிஷம் இருக்கிறது.

மயில்சாமி மேல் ஒரு குற்றமும் இல்லை. நாச்சிமுத்து விழுந்த பிறகு மொட்டைமாடிக் கூண்டிலிருந்த பேண்டம் கோழிகளைக் கொண்டுபோய் வளர்க்கிறவன் அவன்தான், அதுகள் இட்ட முட்டையைத்தான் மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தான், ஓட்டை வளரவில்லையே என்று அவனைக் கூப்பிட்டதும் அவள்தான். “ஓட்டைக்குள்ள தெரியற தோலு எப்படி இருக்குதுங்க்கா, ஈரமா இருக்குதா, காஞ்சிருக்குதா?” என்றான். “வெள்ளையா, காயிதமாட்ட இருக்குது மயிலு.” “பொட்டியத் தொறந்தீங்களா?” அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பதினெட்டு நாளுக்கு மேல தொறக்கவே கூடாதுங்க்கா. உள்ள இருக்கற ஈரக்காத்து வெளிய போயிருச்சுன்னா தோலு காஞ்சு குஞ்சு மேலயே ஒட்டிக்கும். பொறகு அது உள்ளாற திரும்ப முடியாது, மாட்டிக்கும்.” சொல்லிவிட்டு அவளைத் தேற்றுவதற்காகக் கொஞ்சம் சிரித்தான். “அண்ணன் மட்டும் முன்னமாதிரி இருந்திருந்தா, நீங்க மூடியத் தொட்ட ஒடனே கத்திக் கூப்பாடு போட்டிருப்பாரு.” அந்த வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் கத்தினார். முந்தாநாள் சாயங்காலம் அவள் மூடியைத் தொட்ட உடனே நாச்சிமுத்து கத்திக் கூப்பாடுதான் போட்டார்.

முந்தாநாள் பத்தொன்பதாம் நாள். மூன்று மணிவரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, நாலரைக்கெல்லாம் மேற்கே கறுத்து இடி இறங்க ஆரம்பித்தது, முதல் இடியிலேயே ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, முட்டைக்கு இரும்பு வைக்கவில்லை. அவள் பிறந்த ஊரில் கோழியை அடை வைக்கிறதென்றால் கூடையில் மணலைப் பரப்பி, முட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆணியாவது இரும்புத் துண்டாவது போட்டு, கூட ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய் போடாமல் யாரும் வைக்கமாட்டார்கள், போடாவிட்டால் இடிச்சத்தத்தில் முட்டைக்குள் இருக்கிற உயிர் கலங்கிப் போய்விடும். இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல, கை தானாகச் செய்கிற காரியம். நாச்சிமுத்து இருபத்தாறு வருஷம் குஞ்சு பொரிப்பகத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். “எங்க மிசின்ல லச்சம் முட்டை கெடக்குது, அத்தனைக்கும் ஆணி வெக்கோணும்னா நான் ஒரு ஆணிக் கம்பெனியையே வெலைக்கு வாங்கோணும் வசந்தா” என்பார். அவளும் சிரிப்பாள். பகலில் சிரிக்கலாம், தலைக்கு மேல் இடி விழுகிறபோது சிரிப்பு எங்கே வரும். டூல்ஸ் டப்பாவைக் கவிழ்த்து நாலங்குல ஆணி ஒன்று, சாம்பிராணி போடுகிற கரியில் ஒரு துண்டு, அஞ்சறைப்பெட்டியிலிருந்து இரண்டு மிளகாய், எடுத்துக்கொண்டு ஓடிவந்து மூடியைத் தூக்கினாள். உள்ளேயிருந்து வெதுவெதுவென்று ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றுதான், அதுதான் போயிற்று, அவளுக்கென்ன தெரியும், முகத்துக்கு இதமாக இருந்தது என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஆணியை எங்கே வைப்பது என்று முட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள், மிளகாய் ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது, அதைப் பொறுக்கினாள், கரி உருண்டது, அதைப் பிடித்தாள், நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். நாச்சிமுத்து அப்போது இந்தப்பக்கம் பார்த்துத்தான் படுத்திருந்தார். “அப்பறம்” என்றார். அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே வார்த்தை அது. பசித்தால் அப்பறம், வலித்தால் அப்பறம், பார்க்க வருகிறவர்கள் என்னைத் தெரியுதா என்று குனிந்து கேட்டால் அதற்கும் அப்பறம், வந்தவர்கள் கொஞ்சம் அழுது, கொஞ்சம் சிரித்து, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஒருதரம் சொல்லி நிறுத்தவில்லை. அப்பறம் அப்பறம் அப்பறம் என்று கழுத்து நரம்பு புடைக்க, இடது கையால் கட்டில் கம்பியை அடித்து, பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு. இடிக்குப் பயந்துகொண்டார் என்று நினைத்தாள். மூத்திரம் முட்டுகிறதோ என்று நினைத்தாள். “இருங்க வர்றேன், இருங்க வர்றேன்” என்றாள். அவர் நிறுத்தவில்லை. அவளும் மூடவில்லை. அதற்குமேல் அவள் என்ன செய்தாள் என்பதை இப்போது நினைக்கமாட்டாள்.

ஓட்டையைப் பார்த்தாள். அலகு வந்தது, நின்றது, உள்ளே போனது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பதரை, நூறு, சரியாகத்தான் இருக்கிறது, அது சரியாக இருந்து என்ன. இந்தப் பெட்டி நாச்சிமுத்து கையால் செய்தது, பல்பு, குட்டி விசிறி, சூடு ஏறினால் தானாக அணைகிற ஒரு சாமான், எல்லாம் அவர் வேலை, பரணிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுக்கப்போனவள் கண்ணில் பட்டது. ஏன் எடுத்தாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பொழுது போகவில்லை என்று சொல்லியிருப்பாள், அது பொய், பொழுதுதான் இந்த வீட்டில் ஒரு நொடி சும்மா விடாமல் ஆளைத் தின்கிறதே. இந்த வேலைக்கு ஒரு முடிவு இருக்கிறது, அதுதான் காரணம். இருபத்தொரு நாள். பொரித்தாலும் முடிந்தது, பொரிக்காவிட்டாலும் முடிந்தது. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், ஒரு நாளைக்கு மூன்று வேளை புரட்ட வேண்டும், அவரைப் புரட்டுகிற அலாரத்திலேயே முட்டையையும் புரட்டிக்கொண்டாள், முதலில் அவர், பிறகு முட்டை. பதினெட்டாம் நாள் முட்டையைப் புரட்டுவது நின்றது, இனிமேல் வேண்டாம், இனி அதுவே பார்த்துக்கொள்ளும் என்று மயில்சாமி சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது, அவன் ஏதோ சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான். இவரைப் புரட்டுவதற்கு எப்போது அப்படிச் சொல்வார்கள். மாடிவீடு, படி செங்குத்து, அவரைக் கீழே இறக்க வேண்டுமென்றால் இரண்டு ஆண்கள் வேண்டும், நாற்காலியில் கட்டி இறக்க வேண்டும், பேச்சுப் பயிற்சிக்குக் கோயமுத்தூருக்கு வாரம் இரண்டு நாள் கூட்டிவரச் சொன்னார்கள், இரண்டே தடவை போனாள், மூன்றாவது தடவைக்கு ஆள் கிடைக்கவில்லை, நாலாவதற்கு அவள் தேடவில்லை. பெங்களூரிலிருக்கிற மகளிடம் “அங்க போய் ஒரு பிரயோசனமும் இல்ல கண்ணு, அப்பாவுக்கு ஒண்ணும் புரியறதில்ல” என்று சொன்னதும் அவள்தான். மகள் மாசம் ஒருதரம் வந்து அழுதுவிட்டுப் போகிறாள். ஒரு தேர், ஒரு கல்யாணம், ஒரு சாவு, எதற்கும் வசந்தாமணி இந்தப் படியை இறங்கி ஒரு மணிநேரத்துக்கு மேல் போனதில்லை, மளிகைக் கடையில் நிற்கும்போதும் காது மாடியில்தான் இருக்கும். மணி பதினொன்று முப்பத்தாறு.

சரி, கத்தினார். கத்தினால் என்ன, இடிக்குக் குழந்தைகூடக் கத்தும். ஆனால் மூடியைத் தொட்டபோது கத்தினாரே, முதல் இடிக்குக் கத்தவில்லையே, இரண்டாவது இடிக்குக் கத்தவில்லையே. போன மாசம் மகள் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சிரித்தாரே, அது சும்மா வருகிற சிரிப்பு என்று அவள்தான் சொன்னாள், டாக்டரும் அப்படி வரும் என்றார். மயில்சாமி கோழிகளில் வெள்ளைச் சேவல் செத்துப்போனதென்று வந்து சொன்ன அன்றைக்குச் சோறு வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டாரே. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் கையைத் தூக்குங்க, கண்ணை மூடுங்க என்று சொன்னார்கள், ஒன்றும் செய்யவில்லை, அறிவு போயிருச்சும்மா என்றார்கள், அது பதினாலு மாசத்துக்கு முன்னால். அதற்கப்புறம் கண்ணை மூடுங்க என்று அவரிடம் யார் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை. நீ சொன்னாயா. நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. மூடிவிட்டார் என்றால் என்ன செய்வது, அதனால்தான். அவருக்குப் புரியாது என்றால் அவர் முன்னால் எதையும் பேசலாம், பேச ஒரு ஆளும் இல்லாத வீட்டில் அதுவும் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். பேசினாள். துணி மாற்றும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். எதிர்வீட்டுக்காரியிடம் அவர் உடம்பைப் பற்றி, ஒரு பெண்ணாப் பிறந்தவள் புருஷனைப் பற்றி வெளியே சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லிச் சிரித்தாள், அவர் ரெண்டு அடி தள்ளிப் படுத்திருந்தார். போன வாரம், போன வாரந்தான் எல்லாவற்றிலும் கேடு. அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டே தங்கச்சி கோகிலாவிடம் ஸ்பீக்கரில் பேசினாள். “எனக்கு இந்த முட்டையே தேவல கோகிலா, இருபத்தொரு நாள்னு ஒரு கணக்கு இருக்குது. இவருக்கு ஒரு கணக்கும் இல்ல. தூக்கத்துலயே போயிட்டார்னா அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.” கோகிலா பதறிப்போய், “அக்கா, மாமா பக்கத்துலயா இருக்காரு?” என்றாள். “இருந்தா என்ன, சொவத்துகிட்டச் சொல்ற மாதிரிதான்” என்றாள் வசந்தாமணி, சொல்லிவிட்டு அவருடைய சுண்டுவிரல் நகத்தைப் பதமாக, வலிக்காமல் வெட்டினாள். கால் அசையவில்லை. மூச்சு கொஞ்சம் நின்று வந்ததா. வரவில்லை. வந்தது. யார் பார்த்தார்கள், அவள் நகத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

குஞ்சு கத்தியது. கத்தல் என்று சொல்ல முடியாது, கீச்சென்று ஒரு நூல். மற்ற ஆறும் பேசாமல் இருந்தன. ஆறையும் அவள்தான் கொன்றாளா, ஆணி வைத்தா கொன்றாள், ஆணி ஒன்றும் செய்யவில்லை, அந்த நாலைந்து நிமிஷம், அந்த நாலைந்து நிமிஷமும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், மூடு மூடு மூடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வாயில் வந்தது வேறு வார்த்தை, அவ்வளவுதான். சரி, இப்போது நினைக்கவேண்டியதுதான், வேறு வழியில்லை. அன்றைக்கு அவள் மூடியை மூடிவிட்டுக் கட்டிலுக்கு வந்தாள், தட்டிவிட்ட தண்ணீரைத் துடைத்தாள், அவர் நிறுத்தவில்லை. “சித்தநேரம் என் உசுர வாங்காம கெடங்க” என்று அவரைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் புரட்டினாள். மணி அஞ்சு. ஆறுக்குத்தான் புரட்ட வேண்டும், அஞ்சுக்கே புரட்டினாள். சுவர்ப்பக்கம் புரட்டினால் இடது கை உடம்புக்கு அடியில் போய்விடும், இருக்கிற ஒரு நல்ல கையும் அதோடு போச்சு, அது தெரிந்துதான் புரட்டினாள். சுவரைப் பார்த்து நாலைந்து தரம் அப்பறம் என்றார், பிறகு ஒருதரம் மெதுவாக, பிறகு இல்லை. ஆறு மணிக்கு அலாரம் அடித்தது, அணைத்தாள், போகவில்லை, கோபம். எட்டு மணிக்குப் போய்ப் புரட்டினபோது இடுப்பில் உள்ளங்கையளவு சிவந்திருந்தது, பவுடர் போட்டாள். அவர் கண் திறந்துதான் இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தாளா இல்லையா, ஞாபகம் இல்லை, பார்த்திருக்கமாட்டாள். கடவுளே, இவருக்குப் புத்தி இல்லாமலே இருக்கட்டும் என்று இப்போது மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டது இன்னதென்று ஒரு நொடி கழித்துத்தான் அவளுக்கே உறைத்தது, உடம்பெல்லாம் கூசிப்போனது, முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். அப்படியானால் புத்தி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள், பார்க்கலாம். அதற்கு வாய் வரவில்லை. புத்தி இருந்தால் பதினாலு மாசமாக அவர் அங்கே உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், சுவரைப் பார்த்துக்கொண்டு, இதோ இப்போதும். மயில்சாமி பேசினது ஸ்பீக்கரில்தான். அதையும் கேட்டிருப்பார். அவள் பத்து நிமிஷமாக, இருபது நிமிஷமாக, அரைமணி நேரமாகத் திரும்பாமல் உட்கார்ந்திருப்பதும் அவருக்குத் தெரியும்.

அலாரம் அடித்தது. அணைத்தாள். இந்த ஒருதரம் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, முந்தாநாள் விட்டதே போதும் என்று எழுந்தாள். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, மூச்சைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள், முதுகுக்குத் தலையணை, முழங்காலுக்கு நடுவில் தலையணை, நசுங்கிக் கிடந்த இடது கையை எடுத்து வெளியே வைத்து உள்ளங்கையைத் தேய்த்துவிட்டாள், தேய்த்துவிடுவது வழக்கமில்லை. முதலில் தாடையைப் பார்த்தாள், எச்சிலைத் துடைத்தாள். பிறகு வேறு பார்க்க ஒன்றும் இல்லை. நாச்சிமுத்து அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க” என்றாள். “ஒண்ணு மட்டும் ஓட்டை போட்டிருக்குதுங்க. தோலு காஞ்சு ஒட்டிக்கிச்சு. நான் தொறந்ததுனால.” கண் பெட்டியிலிருந்து அவள் முகத்துக்கு வந்தது. அவள் தன் இரண்டு விரலை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தாள். “வேண்டாம், இல்லைன்னா கண்ண மூடுங்க. செய்யின்னா என் விரலப் புடிங்க. அப்படியே விட்டரட்டுங்களா?” கண் மூடியது, ஒரு இமை கொஞ்சம் முந்தி, ஒன்று பிந்தி, திறந்தது. வெறும் சிமிட்டலாக இருக்கும், எல்லாரும்தான் சிமிட்டுகிறார்கள். “ஓடெல்லாம் உரிச்சுக் குஞ்ச வெளிய எடுத்தரட்டுங்களா?” மறுபடி மூடியது, இந்தத் தடவை இறுக்கமாக. “தண்ணி தொட்டுத் தோல மட்டும் நனைக்கட்டுங்களா?” விரலைப் பிடித்தார். பிடித்த பிடி வலித்தது. அப்படி வலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

வெந்நீர், பஞ்சு, கிண்ணத்தில் மடித்த துண்டு. மூடியைத் தூக்கி அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே மூடினாள், கட்டிலில் அவர் முகத்துக்கு நேராகக் கிண்ணத்தை வைத்தாள், ஒரு கை விரல் அவர் கையில், ஒரு கையில் பஞ்சு. ஓட்டையைச் சுற்றி ஒற்றினாள். விரலை அழுத்தினார், ஒற்றினாள். கண்ணை மூடினார், நிறுத்தினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எத்தனை நேரம் என்று தெரியாது, காயிதமாக இருந்த தோல் மெல்ல மெல்ல நிறம் மாறியது, அலகு இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது, குஞ்சு தலையை ஒரு நெல்லளவு திருப்பிக் கத்தியது, இப்போது அது கத்தல்தான். அவர் தொண்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பயந்தாளோ அது தெரிந்தாயிற்று, இனிமேல் அவள் இந்த வீட்டில் தனியாகப் பேச முடியாது, இத்தனை நாளும் தனியாகப் பேசவும் இல்லை. என்னென்ன காதில் விழுந்தது என்று அவரிடம் கேட்காமல் இருக்கலாம், கேட்காமலே செத்தும் போகலாம், எத்தனையோ பேர் அப்படிப் போகிறார்கள். பஞ்சைத் தண்ணீரில் போட்டாள். விரலை எடுக்கவில்லை. அவர் கண்ணைப் பார்க்காமல் குஞ்சைப் பார்த்தபடி, “நான் கோகிலாகிட்டப் பேசுனது…” என்று ஆரம்பித்தாள். கோகிலாவிடம் அவள் தினம் பேசுகிறாள், பதினாலு மாசமாக ஆயிரம் பேச்சு பேசியிருக்கிறாள். எந்தப் பேச்சு, என்றைக்குப் பேசியது, எதைக் கேட்கப்போகிறாள், ஒன்றும் இன்னும் சொல்லவில்லை. அவள் நிமிர்ந்தபோது நாச்சிமுத்து கண்ணை இறுக மூடி, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.